காப்பி கெட்டதற்குக் குற்றவாளி யார்?

காப்பி கெட்டுப்போன வீட்டில் முதலில் விசாரிக்கப்படுபவர் அதைக் கலந்தவரே. நீரை யாரும் விசாரிப்பதில்லை, பொடியை விசாரிப்பதில்லை, வடிகட்டியையும் யந்திரத்தையும் விசாரிப்பதில்லை. 'வாயில் வைக்க விளங்கவில்லை' என்னும் ஒரே வாக்கியத்தில் குற்றச்சாட்டும் தீர்ப்பும் தண்டனையும் அடங்கிவிடுகின்றன. கலந்தவர் பெரும்பாலும் தாயாகவோ தமக்கையாகவோ புதிதாய் வந்த மருமகளாகவோ இருத்தலின், மேல்முறையீட்டுக்கும் இடமில்லை. இவ்வழக்கம் நேரிதன்று என்பதும், காப்பியின் கேட்டுக்குக் காரணம் காணும் முறையொன்று உண்டென்பதும், அம்முறைக்கு வேண்டிய முதற்கருவி நம் தமிழிலேயே ஆயத்தமாக இருக்கின்றதென்பதும் யாம் ஈண்டுக் கூறப் புகுந்தவை.

இவ்வழக்கு நம் நாட்டில் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி தமிழர் இல்லங்களிற் குடிபுகுந்த காலை, அதனை அந்நிய மோகமென்றும் உடலுக்குக் கேடென்றும் கண்டித்தோர் பலர். அவ்வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் விரித்துரைத்துள்ளார். கண்டனங்கள் ஓய்ந்தன, காப்பி நிலைத்தது. நிலைத்தபின், நல்ல காப்பி கலத்தல் ஒரு பெண்ணின் திறமைக்கு அளவுகோலாகவும் ஆயிற்று. அவ்வளவுகோலைக் கையிற் பிடித்தோரோ, பெரும்பாலும், ஒருநாளும் அடுப்பருகே நின்று காப்பி கலவாதவர்.

இப்பொழுது அவ்வழக்கில் புதிய சாட்சியொன்று வந்து சேர்ந்துள்ளது. தென்காசிக்கு வடமேற்கே, செங்கோட்டைக்கு அண்மையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தது பண்பொழி. திருமலைக் குமாரசுவாமி கோயில் விளங்கும் குன்றும், வயலும், தென்னந்தோப்பும் சூழ்ந்த பேரூர் அது. பைம்பொழில் எனவும் வழங்கும். மழைக்காலத்தில் குற்றாலத்துச் சாரல் அவ்வூரையும் நனைக்கும். இத்தகைய ஊர்களிலும் இன்று எஸ்பிரெஸ்ஸோ யந்திரம் அடுக்களைக்குள் நுழைந்துவிட்டது. வளைகுடா நாடுகளிற் பணிபுரிந்து திரும்புவோர் சிலர் அதனைக் கொணர்கின்றனர். வேறு சிலர் திருமணப் பரிசாகப் பெறுகின்றனர். பல நாள் ஊதியத்தை விலையாகக் கொடுத்து வாங்கிய அவ்யந்திரம் சில கிழமைகளில் துணியால் மூடப்பட்டுப் பரணேறுதலையும் காண்கின்றோம். காரணம் கேட்டால், 'அந்தக் காப்பி நமக்கு ஒத்துவராது' என்பர். அன்றேல், 'இவளுக்கு அதைக் கையாளத் தெரியவில்லை' என்பர். இவ்விரண்டு விடையும் ஆராய்ந்து கூறியன அல்ல.

யந்திரத்தின் தன்மையைச் சிறிது நோக்குவோம். இத்தாலி நாட்டுத் தூரின் நகரத்தவரான ஆஞ்செலோ மொரியோந்தோ என்பவர் 1884-ஆம் ஆண்டில் நீராவியாற் காப்பி இறக்கும் கருவியொன்றுக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸேரா 1901-இல் அம்முறையைத் திருத்தி, கோப்பை கோப்பையாக இறக்கும் யந்திரத்தை அமைத்தார். ஆயினும் நீராவியின் அழுத்தம் சிறிதே. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1948-ஆம் ஆண்டளவில், அக்கில்லே காஜியா என்பவர் நெம்புகோலும் வில்லும் கொண்டு வெந்நீரை மிகுந்த வலியுடன் செலுத்தும் யந்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தார். அன்றுமுதல் காப்பியின்மேற் பொன்னிற நுரை தோன்றலாயிற்று. வீட்டு யந்திரங்களில் இன்று நெம்புகோலுக்கு மாறாகச் சிறு மின்எக்கி அவ்வேலையைச் செய்கின்றது. காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு அழுத்தத்தில், 90 முதல் 96 பாகை வெப்பமுள்ள நீர், இறுக்கிய பொடியினூடே அரை நிமிடத்துக்குள் பாய்ந்து வருதலே எஸ்பிரெஸ்ஸோ.

நம் பில்டரோ நீரின் எடையையன்றி வேறு அழுத்தம் அறியாதது. மேற்பாத்திரத்திற் பொடியிட்டு, குடைபோன்ற தட்டால் அமர்த்தி, கொதிநீர் ஊற்றி மூடிவைத்தால், துளித்துளியாய்க் கீழிறங்கும் டிகாக்ஷன். அரை நிமிடத்தில் முடியும் செயலுக்கும் அரைமணி நேரம் செல்லும் செயலுக்கும் என்ன உறவென்று வினவலாம். உறவு நெருங்கியதே, இரண்டும் பொடியினூடே நீர் செல்லும் வேகத்தால் வாழ்வன. 'டிகாக்ஷன் இறங்கவில்லை' என்று நம் தாய்மார் கூறுவது பொடி மிக நைந்திருத்தலை; 'சட்டென்று இறங்கிவிட்டது' என்பது பொடி பருவெட்டாய் இருத்தலை. யந்திரத்தின் நோய்களுள் முதன்மையான இரண்டும் இவையே. ஆதலின், பில்டரில் ஐம்பதாண்டு பழகிய மூதாட்டியார் எஸ்பிரெஸ்ஸோ யந்திரத்தின்முன் ஏதுமறியாதவர் அல்லர். அவர் அறிந்ததையே யந்திரம் வேறு வேகத்திற் செய்கின்றது.

அவர் அறிந்த மற்றொன்றும் உண்டு. முதல் டிகாக்ஷன் எடுத்தபின், அதே பொடியில் மறுபடியும் நீரூற்றி இரண்டாம் டிகாக்ஷன் எடுத்தல் நம் இல்லங்களிற் பழைய சிக்கனம். அவ்விரண்டாவது, நிறத்தில் வெளிறியும் சுவையிற் கைத்தும் நிற்பதை அறியாதார் யார்? காப்பிப்பொடியிலுள்ள பொருள்கள் யாவும் ஒருங்கே கரைவதில்லை. புளிப்பும் உப்பும் முந்திக் கரையும்; இனிமை அடுத்து வரும்; கைப்பும் துவர்ப்பும் பிந்தி வரும். வறுத்த காப்பியின் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் நீரிற் கரையத்தக்கது. அவ்வளவையும் கரைத்தெடுத்தல் நன்றன்று. 18 முதல் 22 சதவீதம் வரை கரைந்த நிலையிலேயே சுவைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் என்பது ஆராய்ந்தோர் துணிபு. அதற்குக் குறைந்தால் புளிப்பு மிகும். மிஞ்சினால் கைப்பு மிகும். கெட்ட காப்பியின் இலக்கணத்திற் பெரும்பகுதி இச்சிறு விதியுள் அடங்கும்.

இங்கேதான் எம் தமிழ்ப் படிப்பு எமக்குத் துணைசெய்கின்றது. கைப்பு, புளிப்பு, துவர்ப்பு, உவர்ப்பு, கார்ப்பு, இனிப்பு எனச் சுவையை ஆறாகப் பகுத்துப் பெயரிட்டவர் நம் முன்னோர். இவற்றுள் சுக்குக் காப்பி நீங்கலாகக் கார்ப்புக்குக் காப்பியில் இடமில்லை; ஏனைய ஐந்தும் ஒரே கோப்பையில் அமையக்கூடியன. இவ்வளவு நுட்பமான சொற்செல்வம் இருந்தும், காப்பி முன்வந்தவுடன் நாம் அதனைக் கைவிட்டு, 'நன்றாயில்லை', 'ஒரு மாதிரியாயிருக்கிறது' என்னும் இரண்டு சொற்றொடர்களோடு அமைகின்றோம். மருத்துவரிடம் சென்று 'உடம்பு சரியில்லை' என்றுமட்டும் கூறி வாய்மூடி நிற்பவனுக்கு என்ன மருந்து கிடைக்கும்? திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென்றும், எதனால் வந்ததென்றும், எவ்வாறு தீருமென்றும் வரிசையாகக் காணும்படி பணித்ததும் இது கருதியே. சுவையின் பெயரைச் சொல்லாதவரை நோயே அறியப்படவில்லை. காரணத்தை எங்ஙனம் தேடுவது?

பெயரிடுதலும் பழக்கத்தாலேயே வரும். புளிப்பையும் கைப்பையும் ஒன்றற்கொன்று மாற்றிச் சொல்லுதல் பல நாட்டாரிடத்தும் உள்ளதொரு மயக்கமெனச் சுவையை ஆராய்ந்தோர் குறித்துள்ளனர். நம் நாட்டிலும், புளித்த காப்பியைக் கசக்கின்றதென்று கூறுவோர் பலர். இம்மயக்கம் சிறியதன்று, புளிப்புக்கும் கைப்புக்கும் பரிகாரங்கள் நேர் எதிரானவையாதலின், பெயர் மாறினால் மருந்தும் மாறி நோய் முற்றும். வேறுபாட்டை அறிய எளிய வழியுண்டு. எலுமிச்சையைக் கடித்தாற்போல வாயில் நீரூறச் செய்வது புளிப்பு. பாகற்காயைப்போல விழுங்கிய பின்னும் நெடுநேரம் நின்று தொடர்வது கைப்பு. வாழைக்காய்ப் பிஞ்சையும் பாக்கையும் மென்றாற்போல நாவை உலரச்செய்து பற்றி இழுப்பது துவர்ப்பு. இம்மூன்றையும் ஒருநாள் தனித்தனியே சுவைத்துப் பார்த்து, பின் காப்பியைச் சுவைப்பவர் மயங்கார். சர்க்கரையும் பாலும் சேர்க்குமுன் ஒரு கரண்டி சுவைத்தல் வேண்டும். அவை இரண்டும் குற்றத்தை மறைக்க வல்லன.

இனிப் பரிகாரங்களைக் கூறுவோம். 18 கிராம் பொடியிட்டு, 25 முதல் 30 வினாடிக்குள் 36 கிராம் அளவு காப்பி இறங்குதலைப் பலரும் தொடக்க அளவாகக் கொள்வர்; சிறு கூடையுடைய யந்திரமாயின், பொடியைப்போல் இருமடங்கு காப்பி என்னும் விகிதத்தைக் கொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு வினாடியில் ஓடிவந்து, வெளிறிப் புளித்திருந்தால், பொடியை இன்னும் நைய அரைத்தல் வேண்டும். அல்லது நீரின் வெப்பத்தை உயர்த்தல் வேண்டும். சொட்டுச் சொட்டாய் ஒரு நிமிடம் வரை இழுத்து, கருத்துக் கைத்திருந்தால், பொடியைச் சற்றுப் பருவெட்டாய் அரைத்தல் வேண்டும். அல்லது முன்னரே நிறுத்துதல் வேண்டும். ஒரே கோப்பையில் புளிப்பும் கைப்பும் துவர்ப்பும் சேர்ந்து தோன்றினால், பொடி சமமாய்ப் பரவவில்லை என்பது பொருள். நீர் எளிய வழி தேடுவது. பொடியில் ஒருபுறம் நெகிழ்ந்திருந்தால் அவ்வழியே வாய்க்கால் வெட்டி ஓடும். வாய்க்கால் ஓடிய இடத்துப் பொடி மிகக் கரைந்து கைக்கும். நீர் படாத இடத்துப் பொடி கரையாமல் நிற்கும். வரப்பு உடைந்த வயலில் ஒருபுறம் வெள்ளமும் ஒருபுறம் வறட்சியும் நேர்வதை உழவர் அறிவர். கட்டிகளை உடைத்து, பொடியைச் சமமாகப் பரப்பி, நேராக அழுத்துதலே இதற்கு மருந்து.

இவையெல்லாம் கலப்பவர் கையில் உள்ளவை. அவர் கையில் இல்லாதனவற்றை இனிக் கூறுவோம். நீதி வேண்டுமாயின் இவற்றையே முதலில் விசாரித்தல் வேண்டும்.

முதற் சாட்சி நீர். ஒரு கோப்பைக் காப்பியிற் பெரும்பகுதி நீரே. மலையிலிருந்து பாறைமேல் விரைந்து இறங்கிவரும் ஆற்றுநீர் பெரும்பாலும் மெல்லியது. ஆழ்துளைக் கிணற்றுநீரோ நிலத்தடியில் நெடுநாள் தங்கிச் சுண்ணமும் பிற உப்புக்களும் கரையப் பெற்றது. ஒரே தெருவில் குழாய்நீர் கொள்ளும் வீட்டிலும் ஆழ்துளை நீர் கொள்ளும் வீட்டிலும் ஒரே பொடி இருவேறு காப்பியைத் தரக்கூடும். காரத்தன்மை மிக்க நீர் காப்பியின் புளிப்பைக் கொன்று, சப்பென்று ஆக்கும். யந்திரத்துள்ளும் சுண்ணப் படிவை உண்டாக்கும். அதற்கஞ்சி, வடிகருவியால் உப்பு முழுவதும் நீக்கிய நீரை ஊற்றுவோர் உளர். அஃதும் குறையே, உப்புச் சிறிதும் இல்லாத நீரில் காப்பி உடலற்றதாய், கூரிய புளிப்புடையதாய் அமையும். காப்பித் தொழிலார் உலகளாவ மதிக்கும் சங்கமொன்று, ஒரு லிட்டர் நீரில் 150 மில்லிகிராம் அளவு கரைபொருள் இருத்தலை நோக்கமாகக் கொள்ளும்படி கூறியுள்ளது. கரைபொருளை அளக்கும் சிறுகருவி இன்று எங்கும் கிடைப்பது. அதுவும் இல்லையேல், பொடியிடாமல் யந்திரத்தில் வெந்நீரை மட்டும் இறக்கி, ஆறவைத்துக் குடித்துப் பார்க்கலாம். வெந்நீரே சுவை கெட்டிருந்தால் காப்பியைப் பழித்துப் பயனில்லை.

இரண்டாஞ் சாட்சி பொடி. நம் கடைகளில் 'பில்டர் காப்பிப் பொடி' என வழங்குவது பெரும்பாலும் காப்பியும் சிக்கரியும் கலந்தது. அத்தகைய கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையலாகாதென்பதும், கலவையின் விகிதத்தைப் பொதியின்மேற் குறித்தல் வேண்டுமென்பதும் இந்திய நாட்டு உணவு விதி. சட்டம் இடந்தரும் எல்லைவரை கலந்த பொடியாயின், 18 கிராமில் ஏறக்குறைய 9 கிராம் சிக்கரியே. சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்தது. காப்பியினும் எளிதிற் கரைவது. நிறமும் கொழுமையும் தருவது. மெல்ல இறங்கும் பில்டருக்கும், பாலும் சர்க்கரையும் நிறைந்த நம் காப்பிக்கும் அது நெடுநாளாய்ப் பொருந்தி வந்துள்ளது. அதனை இகழ்தல் எம் கருத்தன்று. ஆயினும் ஒன்பது மடங்கு அழுத்தத்தில் அது குழைந்து சேறாகி வழியடைக்கும். இறங்கும் சிறிதளவும் கைக்கும். பில்டருக்கென்று வாங்கிய பொடியை எஸ்பிரெஸ்ஸோ யந்திரத்தில் இட்டுவிட்டு, கலந்தவரை நோவது என்ன நியாயம்? அரைத்துக் கொடுக்கும் கடையில் 'சிக்கரி வேண்டா, எஸ்பிரெஸ்ஸோவுக்கு அரைத்துத் தாருங்கள்' என்னும் இரண்டு சொற்கள் போதும்.

பொடியின் சாதியும் கருதத்தக்கது. இந்தியாவில் விளையும் காப்பியிற் பெரும்பகுதி ரொபஸ்டா இனத்தது. அராபிக்கா இனத்தினும் ஏறக்குறைய இருமடங்கு கேப்பீன் அதில் உண்டு. இயல்பாகவே கைப்பு மிக்கது. ரொபஸ்டா மிகுந்த பொடியைக் கருக வறுத்து வாங்கியவர், கைப்பு முற்றும் நீங்கவேண்டுமென எதிர்பார்த்தல் வேம்பில் மாங்கனி தேடுதலாகும். யந்திரத்தோடு வரும் வடிகூடையும் இருவகைப்படும். அடியில் ஒரேயொரு நுண்துளை வழியே வெளிவிடும் இரட்டைச் சுவர்க் கூடை, கடையில் அரைத்த பொடிக்கு ஏற்றது. அது எப்பொடியிலிருந்தும் நுரையை எழுப்புமாதலின், நுரையைக் கண்டு காப்பி நன்றென்று துணிதல் கூடாது. அடிமுழுதும் துளைகளையுடைய ஒற்றைச் சுவர்க் கூடைக்கோ, இறக்குமுன் நைய அரைத்த புதிய பொடி வேண்டும். எக்கூடை தம் யந்திரத்தில் உள்ளதென்பதையே அறியாமல் பழிகூறுவோர் பலர்.

மூன்றாஞ் சாட்சி காற்று. ஆனி ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்வழி வீச, குற்றாலத்தில் அருவி பெருக, பண்பொழியில் துணிகூட உலராத நாட்கள் உண்டு. அந்நாட்களில் காப்பிப் பொடியும் ஈரம் ஏற்கும்; கட்டியாகும்; நீர் செல்லும் வேகமும் மாறும். சித்திரையில் நன்றாய் இறங்கிய அதே அரைவை, ஆடியில் வேறுவிதமாய் இறங்குவதில் வியப்பில்லை. மலைக்கு அப்பால், மலையாளக் கரையில், இக்காற்றையே ஒரு தொழிலாக்கிக்கொண்டனர். காப்பிக்கொட்டையை அக்காற்றில் பல கிழமைகள் பரப்பிவைத்துப் பருக்கச் செய்து, புளிப்பு நீங்கிய 'மான்சூண்டு மலபார்' என்னும் காப்பியை ஆக்கி உலகெங்கும் விற்கின்றனர். அறிந்து பயன்கொண்டார்க்குச் செல்வமாகும் ஈரம், அறியாது விட்ட டப்பாவிற் குற்றமாகின்றது. சாரற்காலத்தில் சிறுசிறு அளவாய் வாங்கி, காற்றுப் புகாத கலத்தில் வைத்தல் நலம். வறுத்துப் பல மாதம் சென்ற பொடி எக்காலத்தும் மணமிழந்து சப்பென்றே இருக்கும். அதற்கு யந்திரத்தில் மருந்தில்லை.

நான்காஞ் சாட்சி மின்சாரம். இதனை ஊரார் எவரும் ஐயுறுவதில்லை. சிறு யந்திரங்கள் பலவற்றில் நீர் ஓடும்போதே சூடேற்றப்படுகின்றது. சூடேற்றும் கம்பியின் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும் என்பது பௌதிக மாணவர் அறிந்தது. 230 வோல்ட்டு இருக்கவேண்டிய இடத்தில் மாலைவேளையில் 190 வோல்ட்டே இருப்பின், வெப்பமூட்டும் ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காய்ச் சுருங்கும். நீர் போதிய சூடின்றி இறங்கும், காப்பி புளிக்கும். காலையில் நன்றாயிருந்த காப்பி மாலையில் கெட்டதற்குக் கலந்தவரின் கவனக்குறைவைக் காரணமாகக் கூறுவோர், ஒருமுறை விளக்கின் ஒளியையும் நோக்குவாராக.

வெப்பத்தைப் பற்றிய மற்றொரு நிகழ்ச்சியை ஈண்டுக் குறிப்பிடல் தகும். பண்பொழியில் யாம் அறிந்த ஓர் இல்லத்தில், விருந்தினர் வருந்தோறும் ஒரு வழக்கு எழும். மருமகளார் முதலில் இறக்கும் கோப்பை புளிக்கும். அடுத்த கோப்பை கைக்கும். முதற்கோப்பை மாமனாருக்கும் இரண்டாங்கோப்பை விருந்தினருக்கும் செல்லும். 'வீட்டாருக்கு ஒருவிதம், வந்தவர்க்கு ஒருவிதம்' என்று மாமியார் வருந்துவார். மருமகளாரோ, 'ஒரே பொடிதான் அத்தை, ஒரே அளவுதான்' என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். அவர் சொன்னது உண்மை. அவ்யந்திரத்தில் நீர்கொதிகலன் ஒன்றே. விசையைத் திருப்பியவுடன் இறக்கிய முதற்கோப்பைக்குக் கைப்பிடியும் கூடையும் சூடேறவில்லை, ஆதலின் புளிப்பு. அதன்பின் பாலுக்காக ஆவி எழுப்பினார். ஆவி எழக் கொதிகலன் நூறு பாகைக்கு மிக மேலே சூடேற வேண்டும். அச்சூடு தணியுமுன் இறக்கிய இரண்டாங்கோப்பை கருகிக் கைத்தது. யந்திரத்தைக் கால்மணி நேரம் முன்னரே சூடேற்றி, கோப்பைகளை எல்லாம் முதலில் இறக்கிவிட்டு, பாலுக்கு ஆவியை இறுதியில் எழுப்பியவுடன் வழக்குத் தீர்ந்தது. மாதக்கணக்கில் ஒரு பெண்ணின் மனப்பான்மையிற் குற்றங்கண்டதெல்லாம், உண்மையில் ஒரு கலத்தின் சூட்டினால் வந்த வினை.

ஐந்தாஞ் சாட்சி அழுக்கு. காப்பியில் எண்ணெய் உண்டு. அது சல்லடையிலும் கூடையிலும் படிந்து சிக்குப் பிடித்தால் எப்புதிய பொடியும் பழையதாய் நாறும். நாள்தோறும் கூடையைக் கழுவி, நீர் இறங்கும் சல்லடையைத் துடைத்து, பால்பட்ட ஆவிக்குழாயை உடனே துடைத்து ஆவியைச் சிறிது வெளிவிடுதல் வேண்டும். சுண்ணப் படிவை யந்திரத்தோடு வந்த கைநூல் கூறும் முறைப்படி நீக்குதல் வேண்டும். இவ்வேலை கலப்பவருக்கு மட்டும் உரியதென எழுதிவைக்கப்படவில்லை; குடிப்பவரும் செய்யலாம்.

இச்சாட்சிகளை விசாரிக்கும் முறை ஒன்றே: ஒரு வேளைக்கு ஒன்றைமட்டும் மாற்றுதல். பொடியும் மாற்றி, நீரும் மாற்றி, அரைவையும் மாற்றியபின் காப்பி நன்றானால், எதனால் நன்றாயிற்றென்பதை யார் கூறுவார்? முதலில் வெந்நீரைச் சுவைத்து, பின் யந்திரத்தைக் கழுவி, பின் பொடியின் நாளையும் கலவையையும் பார்த்து, பின் எடையும் வினாடியும் அளந்து, இறுதியில் அரைவையைத் திருத்துதல் முறை. ஒரு சிறு தராசும், கைப்பேசியிலுள்ள கடிகாரமும், நாலணாப் பெறாத ஒரு குறிப்பேடும் இதற்குப் போதும். அக்குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் பொடியின் எடை, இறங்கிய அளவு, வினாடி, சுவையின் பெயர் ஆகிய நான்கையும் எழுதுக. பத்து நாளில் அவ்வேடே நல்லாசிரியனாகும்.

'இவ்வளவு பாடு எதற்கு? நம் பழைய பில்டர் போதாதோ?' என்பார் உளர். போதும், அதில் ஐயமில்லை. விலை சிறிது, மின்சாரம் வேண்டா, பழுதுபார்ப்போரும் வேண்டா. பில்டர் காப்பியே விரும்புவோர் அதனையே கொள்க. ஆயினும் பில்டரும் நீருக்கும் பொடிக்கும் சூட்டுக்கும் கட்டுப்பட்டதேயாதலின், ஆராயாமற் பழிக்கும் வழக்கம் அங்கும் அநீதியே. யாம் யந்திரத்துக்காக வாதிக்கவில்லை. யந்திரத்தின் முன்னும் பில்டரின் முன்னும் நிற்பவருக்காகவே வாதிக்கின்றோம். 'காப்பி ஒரு சிறு பொருள். அதற்கு நீதி அநீதி பேசுவதோ?' என்பார்க்கும் விடையுண்டு. ஒரு நாளில் இருமுறை, ஓர் ஆண்டில் எழுநூறு முறைக்கு மேல், ஒரே ஆள்மேல் விழும் பழி சிறியதன்று. பெரிய அநீதிகளை எதிர்க்கும் வாய்ப்பு எல்லார்க்கும் எந்நாளும் கிட்டாது. சிறிய அநீதியைத் தவிர்க்கும் வாய்ப்பு நாளைக் காலையிலேயே கிட்டும்.

ஆதலின், மாணவ நண்பர்களே, விடுமுறைக்கு இல்லம் செல்லுங்கால் ஒன்று செய்யுங்கள். காப்பி சுவைக்கவில்லையாயின், 'வாயில் வைக்க விளங்கவில்லை' என்னாது, புளிக்கின்றதோ, கைக்கின்றதோ, துவர்க்கின்றதோ, சப்பென்றிருக்கின்றதோ என்பதைச் சொல்லுங்கள். சொன்னபின் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து அடுக்களைக்குள் சென்று, நீரையும் பொடியையும் கலந்தவரோடு உடனிருந்து பாருங்கள். விடுதியிற் காப்பி கலக்கும் சமையற்காரருக்கும் இம்மரியாதை உரியதே. அடுத்த கோப்பையை நீங்களே இறக்கிப் பார்ப்பின் இன்னும் நன்று. குற்றவாளி யார் என்னும் வினாவுக்குரிய விடையில் பாதி அப்பொழுதே விளங்கிவிடும்.